கீறின நெற்றியில் விழுந்த பொட்டு

போன கிழமை, நான் வேலை செய்த ஸ்ரூடியோவில் இப்போது கமரா பிடிக்கிற ரூபன் போன் எடுத்தான். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கையால் கீறின படக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதை அசையும் படமாக எடுத்துத் தரச் சொல்லி நிற்கிறதாம்.

"அண்ணை, நீங்கள் இருக்கேக்கை உப்பிடி ஒண்டு செய்தனீங்களாம். என்னெண்டு செய்தனீங்கள்?"

"ஏலாது எண்டு சொல்லி அனுப்பு."

அவன் சிரித்தான். நான் பகிடி விடவில்லை. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா எல்லாம் எடுத்தவன் நான். தேர்முட்டியின் மேல் ஏறி நின்று எடுத்திருக்கிறேன். அந்த ஒரு படக்கட்டு படுத்திய பாட்டை வேறொன்றும் எனக்குப் படுத்தவில்லை. போனில் சொல்லி முடியாத கதை என்பதால் எழுதுகிறேன். ரூபனைப் போல இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் வாசித்துவிட்டு, எடுப்பதா விடுவதா என்று தாங்களே முடிவு செய்யட்டும்.

என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட இருந்த ஸ்ரூடியோவில் அப்பா கொண்டுபோய் விட்டார். முதலில் கூட்டினேன், பிறகு இருட்டறையில் தட்டுக் கழுவினேன், பிறகு லைற் பிடித்தேன், ஒருநாள் கமராவையும் தந்தார்கள். சந்நிதி முருகன் புண்ணியத்தில் அதே இடத்திலேயே காலம் ஓடிவிட்டது. கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சை செய்த பிறகு, போதும் என்று பிள்ளைகள் நிற்பாட்டிவிட்டார்கள்.

எங்கள் முதலாளி சிவகுரு ஐயா. நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஏசினால் பிறகு மறந்துவிடலாம். அவர் படத்தைக் கையில் எடுப்பார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், பிறகு இறக்குவார். "தம்பி குமார், இன்னொருக்கால் பாப்பமோ?" என்பார். அவ்வளவுதான். அதற்கு அர்த்தம், செய்ததை எல்லாம் வீசிவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்பது. கலியாண அல்பம் ஒன்றை ஒட்டி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் வந்து கதிரையில் இருந்து சோடா குடித்துக்கொண்டிருக்கும்போதுகூட அவர் அப்படிக் கேட்டிருக்கிறார். அந்தப் "பாப்பமோ" காதில் விழுந்தால் இப்போதும் எனக்கு நெஞ்செரிவு வரும்.

அவருடைய கைத்திறன் செத்தவீட்டுப் படத்தில்தான் தெரியும். ஒரு வீட்டில் அம்மா காலமானால், மகன் ஏதாவது கலியாணவீட்டுக் கூட்டப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். அதில் அம்மா மூன்றாம் வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகத்தோடு நிற்பார். அந்த முகத்தைத் தனியே எடுத்து, மற்றவருடைய தோளை அழித்து, சீலைத் தலைப்பை இழுத்துவிட்டு, மாலை போடக்கூடிய படமாக ஆக்க வேண்டும். கணினி வந்த பிறகும் கடைசி வேலையை ஐயா தூரிகையால்தான் செய்வார். அந்தக் கடைசி வேலை பொட்டு. வெறும் நெற்றியோடு ஒரு சுமங்கலியின் படம் தன் கடையை விட்டுப் போகக்கூடாது என்பது அவருடைய விரதம். ஆனால் தூரிகையைத் தொட முன்னர் வந்தவரைப் பார்த்து மெதுவாகக் கேட்பார், "அப்பா இருக்கிறாரோ?" இருக்கிறார் என்றால் குங்குமம். இல்லை என்றால் விபூதி. கேளாமல் ஒருநாளும் வைத்ததில்லை.

இனி அந்தப் பிள்ளையின் கதை.

நவராத்திரி தொடங்குவதற்கு முதல் கிழமை தர்சிகா வந்தாள். புத்தூர். உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறவள். பாடசாலையில் கடைசி வருடத்துக்கு ஒரு செயற்திட்டம் செய்து ஒப்படைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் பானையில் பூக் கீறினார்கள், துணியில் மயில் கீறினார்கள். இவள் அசையும் படம் செய்யப் போனாள். தாள்தாளாகக் கீறி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, வரிசையாக ஓடவிட்டால் உருவம் அசையும். சித்திர ரீச்சர் சம்மதித்தாராம், ஆனால் ஒரு நிபந்தனை. கணினியால் ஒரு கோடும் திருத்தக் கூடாது. கீறின தாள்கள் முழுவதையும் படத்தோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும், தாளில் இருப்பதுதான் படத்தில் இருக்க வேண்டும். பிந்தினால் புள்ளி இல்லை. புள்ளி இல்லாவிட்டால் நுண்கலை படிக்கிற எண்ணத்தை அவள் மறந்துவிட வேண்டியதுதான்.

"எப்ப குடுக்க வேணும்?" என்று கேட்டேன்.

"விசயதசமிக்கு அடுத்த நாள் காலமை, மாமா."

"இப்ப வந்து நிக்கிறீர்?"

"இப்பதான் கீறி முடிஞ்சது."

முதலாளி உள்ளே இருந்து, "பிள்ளையின்ரை படிப்பு விசயம், எடுத்துக் குடும் தம்பி," என்றார். நல்ல மனம். எடுக்கப்போவது நான்.

படம் இதுதான். ஒரு பெண் சைக்கிளில் வருகிறாள். பின்னால் மரக்கறிச் சாக்கு. ஒரு கையில் குடை. சோளகக் காற்று. தோட்டவெளியின் நடுவில் குடை மற்றப் பக்கம் புரண்டுவிடுகிறது. அவள் காலை ஊன்றி நிற்கிறாள். குடையோடு மல்லுக்கட்டி அதைச் சுருக்குகிறாள். பிறகு திரும்ப ஏறி, காற்றுக்கு எதிரே குனிந்து மிதித்துக்கொண்டு போகிறாள். இவ்வளவுக்கு அத்தனை தாள்.

"ஆர் பிள்ளை உது?"

"அம்மா. சந்தைக்குப் போறா. அப்பா இருந்தவரைக்கும் சந்தைக்கு அவர்தான் போறவர். அவர் மோட்டர் போடப் போய் கரண்ட் அடிச்சுச் செத்துப்போனார். அதுக்குப் பிறகுதான் அம்மா சைக்கிள் பழகினவா."

இதை அவள் என்னிடம்தான் சொன்னாள். முதலாளி அப்போது முன்னால் ஒருவருக்குப் பாஸ்போட் படத்தில் காது தெரியவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

வேலை எப்படி என்று ரூபன் கேட்டானே, சொல்கிறேன். கமராவைக் கீழே பார்க்கும்படி தாங்கியில் இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு தும்மக்கூடாது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஒரே அளவு லைற், சரிவாக விழ வேண்டும், நேரே விழுந்தால் கண்ணாடி மின்னும். தாள் சுருளாமல் இருக்க மேலே கண்ணாடி. அவள் ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்துக் கொண்டுவந்திருந்தாள். எல்லாத் தாளிலும் கோவைக்குக் குத்துவது போல இரண்டு துளை. தாளை ஆணியில் கொழுவினால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கெட்டித்தனம்தான். ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் கண்ணாடியைத் தூக்கு, தாளை எடு, அடுத்ததைக் கொழுவு, கண்ணாடியை வை, விரல் அடையாளத்தைத் துடை, கமராவை இரண்டு தரம் அழுத்து, திரும்பத் தூக்கு. காற்றாடி போடக்கூடாது, தாள் பறக்கும். வெள்ளைச் சட்டை போடக்கூடாது, கண்ணாடியில் தெரியும். வியர்வை நாடியிலிருந்து சொட்டும், அதற்கு ஒரு துவாய். வெள்ளிக்கிழமை விரதத்தோடு நான் அந்த அறைக்குள் நின்ற நிலையை அந்த முருகன்தான் பார்த்தான்.

இடையில் கதவைத் தட்டி, "அண்ணை, அடையாள அட்டைக்கு ஒரு படம்," என்று வந்து நிற்பார்கள். பொறுக்கச் சொன்னால், "கமரா சும்மாதானே நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது," என்பார்கள். கரண்ட் போகும். வந்ததும் ஒரு லைற் மற்றதைவிட மஞ்சளாக எரியும். முன்னர் எடுத்ததோடு பொருந்தாது. முதலாளி எட்டிப் பார்ப்பார். கண்ணாடி நெற்றிக்குப் போகும், இறங்கும்.

"தம்பி, இன்னொருக்கால்..."

"ஐயா, விளங்குது ஐயா."

ஆயுத பூசைக்கு முதல்நாள் பின்னேரம், குடை புரண்டு அந்தப் பெண் காலை ஊன்றி நிற்கிற இடம் வரை முடித்தோம். மிச்சப் பாதியை விசயதசமி காலையில் எடுக்கலாம் என்று முடிவு. இடையில் பூசைநாள், ஆயுதங்களைத் தொடக்கூடாது. எடுத்து முடித்த தாள்களைத் தர்சிகா வீட்டுக்குக் கொண்டுபோனாள். எடுக்காத கட்டு ஸ்ரூடியோவில் இருந்தது.

பூசை வழக்கம்போல நல்ல வடிவாக நடந்தது. கமராக்கள், தாங்கிகள், கத்தரிக்கோல், தாள் வெட்டுகிற கருவி எல்லாம் கழுவித் துடைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன் வைத்தோம். முதலாளி அந்தத் தாள்கட்டையும் கொண்டுவந்து வைத்தார். "படிக்கிற பிள்ளையின்ரை சாமான், அம்மாளுக்கு முன்னாலை இருக்கட்டும்," என்றார். எனக்கும் அது நல்லதாகவே பட்டது. தீபம் காட்டி, அவல் கடலை வாங்கிக்கொண்டு, என் வீட்டுப் பூசைக்கு நேரமாகிறது என்று நான் கிளம்பிவிட்டேன். ஐயா பாயில் இருந்து, சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் பக்கத்தில் வைத்து, சாமான்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

விசயதசமி காலையில் ஸ்ரூடியோ சந்தை மாதிரி இருந்தது. ஏடு தொடக்கிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க வந்திருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு சுருதியில் அழுதது. அதுகளை ஒருவாறு அனுப்பிவிட்டு, தர்சிகாவைக் கூப்பிட்டு, கட்டை அவிழ்த்தேன்.

முதல் தாளில், சைக்கிள்காரியின் நெற்றியில் சந்தனமும் நடுவில் குங்குமமும்.

சரி, மேல் தாள்தானே என்று எடுத்து அப்பால் வைத்தேன். இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும். கட்டை விசிறி மாதிரி விரித்துப் பார்த்தேன். கடைசித் தாள் வரைக்கும் ஒரு நெற்றியும் தப்பவில்லை. மேல் தாளுக்கு மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை விட்டால் ஓரவஞ்சனை என்று மனிதர் நினைத்திருக்கிறார். கமராவுக்கு வைக்கிற பொட்டை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். பெண்ணுருவம் என்றதும் கை பழக்கத்தில் நேரே நெற்றிக்குப் போயிருக்கிறது. செத்தவர்களுக்கு எல்லாம் கேட்டு வைத்தவர், கீறின படம்தானே என்று இதற்குக் கேட்கவில்லை.

தர்சிகா ஒரு தாளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். நான் அழிறப்பரை எடுத்துப் பொட்டின் ஓரத்தில் தேய்த்தேன், ரோசா நிறமாகப் பரவியது. கடைப் பாணின் மெத்தென்ற உள்பகுதியை உருட்டி ஒற்றிப் பார்த்தேன், தாள் உரிந்தது. வெள்ளை பூசினால் கட்டி மாதிரித் தெரியும். கணினியில் ஒரு நாளில் அழித்துவிடுவேன், ஆனால் தாளும் படமும் ஒத்துப்போகாது. பூசையில் வைத்த பொட்டைப் பாண்துண்டால் சுரண்டிக்கொண்டு நிற்கிறேனே என்று எனக்கே கை கூசியது. அந்தப் பாவத்தையும் என் தலையில்தான் கட்டினார்கள்.

முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் சந்தோசமாகத்தான் வந்தார்.

"கண்டனீரோ பிள்ளை? நெற்றி வெறுமையாக் கிடந்தது. மறந்துபோனீர் போல எண்டு நான்..."

"ஐயா," என்றேன், "முதல் பாதியிலை பொட்டு இல்லை. பாதி வழியிலை திடீரெண்டு வந்து குதிக்கப்போகுது."

அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன? முதல் பாதித் தாளும் பிள்ளையிட்டைத்தானே இருக்கு? கொண்டுவரச் சொல்லும். அதுக்கும் வைச்சுவிடுறன். நீர் இன்னொருக்கால் எடுத்துவிடும்."

நான் துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் பிள்ளை வாய் திறந்தாள். "அம்மா பொட்டு வைக்கிறேல்லை, ஐயா. அப்பா இல்லை."

ஐயாவின் கை வேட்டித் தலைப்பைப் பிடித்தது. அவர் அப்படியே பின்னால் போய், படம் எடுக்க வருகிறவர்கள் இருக்கிற முக்காலியில் இருந்துவிட்டார். வெகுநேரம் அந்தத் தாள்களைப் பார்க்கவில்லை. வெளியே ஒரு தகப்பன், "முதலாளி, பிள்ளை நித்திரையாகப் போகுது," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐயா எழும்பவில்லை.

தர்சிகா எல்லாவற்றையும் திரும்பக் கீறப்போகிறேன் என்றாள். ஒரு நாளில் ஏலுமோ என்று கேட்டேன். ஏலாது என்று அவளுக்கும் தெரியும். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் தாய்க்குப் போன் எடுத்தேன். வேறு என்ன செய்வது?

அவர் சந்தையிலிருந்து நேரே வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்தும்போதே தெரிந்தது, படத்தில் இருக்கிற அதே சாக்கு, அதே குடை. நெற்றியில் மூன்று குறி விபூதி. வெள்ளைத் தாளில் விபூதியைக் கீற முடியாதுதானே.

"ஆருக்கு என்ன? பாதி வெங்காயத்தை விட்டிட்டு ஓடி வாறன்."

நான் விசயத்தைச் சொன்னேன். அவர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். 

"நான் உப்பிடியோ சைக்கிள் ஓடுறனான்? கூனிக்கொண்டு?"

"ஓம்," என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

முதலாளி எழும்பி வந்து தாய்க்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் யாருக்கும் முன்னால் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "பிள்ளை, நான் கேளாமல் வைச்சுப்போட்டன். எனக்கு வயசுக்கேத்த புத்தி இல்லாமல் போச்சு. பள்ளிக்கூடத்துக்கு நான் வந்து சொல்லுறன்."

"விடுங்கோ ஐயா. சாமிக்கு முன்னாலை வைச்சது." தாய் மகளைப் பார்த்தார். "இருக்கிறதை அப்பிடியே குடு. ஆர் என்ன சொல்லப்போகினம்?"

"அம்மா, பாதியிலை பொட்டு வந்தால், நீங்கள் வழியிலை திரும்பக் கலியாணம் கட்டிப்போட்டியள் எண்டு நினைப்பினம்."

"ஆரை? குடையையோ?"

பிள்ளைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. பிறகு திரும்பவும் முகம் இறுகிவிட்டது. "நான் கீறினது உங்களை. பொட்டு வைச்சது நீங்கள் இல்லை. வேறை ஆரோ வைச்சது. அதை என்ரை எண்டு குடுக்கேலாது."

 நாங்கள் கடைசியாக எடுத்த படத்தை, காலை ஊன்றி நிற்கிற இடத்தை, தாய் கணினியில் போடச் சொல்லிப் பார்த்தார்.

"இதிலை நிக்கிறன். இதுக்குப் பிறகு?"

"குடையைச் சுருக்கிறியள்."

"இந்த இடத்திலை எங்கடை வைரவர் சூலம் இருக்கு. நான் ஒவ்வொரு நாளும் நிக்கிறனான். சூலத்தடிக் கல்லிலை விபூதியும் இருக்கும், சந்தனமும் குங்குமமும் இருக்கும்." மகளிடம் திரும்பினார். "அப்ப நானே வைக்கிற மாதிரிக் கீறு."

உண்மையைச் சொன்னால் எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் பழைய ஆள். பள்ளிக்கூடத்தில் நாலு பேர் பார்க்கிற படம், ஊரில் என்ன கதைப்பார்களோ என்று மனம் அடித்தது. முதலாளியைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் சத்தமில்லாமல் போய், இரண்டு கதிரையை இழுத்துப் போட்டு, மேலே கண்ணாடியை வைத்து, கீழே லைற் ஒன்றை எரியவிட்டு, பிள்ளை தாளின் மேல் தாள் வைத்துக் கீற இடம் செய்து கொடுத்தார்.

தர்சிகா இருந்து கீறினாள். ஒரு சூலம். சைக்கிள் பிடியை விட்டுக் கை இறங்குகிறது. கல்லைத் தொடுகிறது. நெற்றிக்குப் போகிறது. பொட்டை அவள் அதே சந்தனக் கிண்ணத்திலிருந்தும் குங்குமச் சிமிழிலிருந்தும் தன் விரலால்தான் வைத்தாள். தாய் வெங்காயத்தைப் பார்க்கப் போய்விட்டுப் பின்னேரம் திரும்பி வந்தார். அதற்குள் புதிய தாள்களையும் ஐயா பொட்டு வைத்த மிச்சப் பாதியையும் எடுத்து முடித்து, எல்லாவற்றையும் கணினியில் வரிசையாக்கி வைத்திருந்தேன். லைற்றை அணைத்தேன். தாங்கியைக் கழற்றினேன். காற்றாடியைப் போட்டு அதற்குக் கீழே நின்றேன். முடிந்தது என்று நினைத்தேன்.

ஓடவிட்டோம். குடை புரண்டது, காலை ஊன்றினாள், கை இறங்கியது, நெற்றியில் பொட்டு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பொட்டு ஒரு இடத்தில் நில்லாமல், மேலே கீழே துடித்துக்கொண்டே போனது. ஐயாவின் விரல் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாகப் பட்டிருந்தது.

"எப்பிடி அம்மா?" என்றாள் தர்சிகா.

தாய் திரும்ப ஒருதரம் போடச் சொன்னார். பார்த்தார்.

"எல்லாம் வடிவாத்தான் இருக்கு. ஆனால் பிள்ளை, உவ்வளவு கெதியாக் கை போகாது."

முதலாளி கண்ணாடியை இறக்கினார். நான் முந்திக்கொண்டேன். "அதே தாளை இன்னும் நாலு தரம் எடுத்துவிட்டால் மெதுவாப் போகும்," என்றேன்.

"அது நிக்கிற மாதிரி இருக்கும், மாமா," என்றாள் தர்சிகா. "போக வேணும்." அவள் அப்போதே கண்ணாடிக்கு முன்னால் இருந்து, கை கல்லிலிருந்து எழும்பும் தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். பிறகு அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் இன்னொன்று. கோடுகள் மயிரிழை அளவு விலகின.

நான் காற்றாடியை நிற்பாட்டிவிட்டு, தாங்கியைத் திரும்ப இறுக்கினேன். அன்று முதலாளி "பாப்பமோ" என்று கேட்கவில்லை. கேட்க வேண்டி இருக்கவில்லை.

மறுநாள் காலை அவள் நேரத்துக்கு ஒப்படைத்தாள், வேண்டிய புள்ளியோடு சித்தியும் பெற்றாள். தாய் அதற்குப் பிறகும் விபூதியோடுதான் சந்தைக்குப் போனார், நான் பல நாள் கண்டிருக்கிறேன். படத்தில் அந்தக் கை கல்லிலிருந்து நெற்றிக்குப் போகிற இடம்தான் மிக நீளமானது. முதல்முறை பார்க்கிறவர்கள் படம் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். நிற்கவில்லை. உற்றுப் பார்த்தால், போய்க்கொண்டிருக்கும்.